உடம்பு மாறிய படமும் எங்கள் திராட்சைப் பந்தலும்

எங்கள் திராட்சைத் தோட்டம் வாழைத் தோட்டமாகிவிடாமல் தப்பியதற்கு ஒரு சினிமாப் படமும் காரணம். அது நல்ல படம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். பாதி நல்ல படம், மீதிப் பாதி குப்பை என்று நான் சொல்வேன். இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. தீர்ந்துவிட்டால் சாயங்காலத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது.

நான் சுருளிப்பட்டியில் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். ஜீப்பில் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிற பெண்கள், இங்கேயே திராட்சை வேலைக்குப் போகிற பெண்கள், கம்பத்தில் கடைகளில் நிற்கிற பெண்கள் எல்லாரும் என்னிடம் வருவார்கள். ஒருத்தி என்ன வேலை செய்கிறாள் என்று அவள் தோளைப் பார்த்தே சொல்லிவிடுவேன். திராட்சைக்குப் போகிறவளுக்குக் கை எந்நேரமும் மேலேதான் இருக்கும். அவளுக்குக் கக்கத்தில் தாராளமாக விட்டுத் தைக்க வேண்டும். இல்லையென்றால் மறுநாளே கிழித்துக்கொண்டு வந்து என்னைத் திட்டுவாள், திட்டுவதிலும் நியாயம் இருக்கும்.

வீட்டுக்காரர் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறார். நல்ல உயரமான ஆள். நான் அவர் நெஞ்சுக்குத்தான் இருப்பேன். எங்கள் கல்யாணப் போட்டோவில் என் சேலைக்கு அடியில் ஒரு பலகை இருக்கிறது, அது வெளியாட்களுக்குத் தெரியாது. அந்த மனிதர் தோட்டத்துப் பந்தலையும் தன் உயரத்துக்கே போட்டு வைத்திருந்தார். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்தபோது அவர் கையைத் தூக்கிக் காட்டிய இடம்தான் அளவு. வேலைக்கு வருகிற பெண்கள் பழப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் ஏறி நின்றுதான் கொடியைத் தொட முடியும். ஏறும்போதெல்லாம் அவர் காதில் விழுகிற மாதிரியே முணுமுணுப்பார்கள். அவருக்கு அது ஒரு பெருமை.

அப்படி இருந்த ஆள்தான் கம்பத்திலிருந்து மருந்து மூட்டையோடு வரும்போது பைக் சறுக்கி வலது தோளில் விழுந்தார். ஆபரேஷன் ஆனது. வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கவே கூடாது, மாதக்கணக்கில் ஆகும், பழையபடி முழுசாக வருமா என்பது போகப்போகத்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கவாத்து நெருங்கிக்கொண்டிருந்தது. திராட்சையில் எல்லாமே கவாத்தில்தான் இருக்கிறது. பழைய கொடிகளை அளவாக வெட்டிவிட்டால்தான் புதுத் தளிர் வெடித்துக் காய் இறங்கும். வழக்கமாக ஆட்கள் வந்து வெட்டுவார்கள், இவர் பின்னாலேயே போய் ஒவ்வொரு கொடியையும் பார்த்துத் திருத்துவார். இவர் கை படாத கொடி எங்கள் தோட்டத்தில் கிடையாது.

"எடது கையில வெட்டுங்களேன், என்ன கொறஞ்சு போச்சு?" என்று கேட்டேன்.

"செடியில போயி எடது கைய வைக்கச் சொல்றியா?" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு நகரவில்லை. எங்கள் பக்கம் கவாத்துக்கு முதல் வெட்டு சூடம் கொளுத்தி, கிழக்கே பார்த்து, வலது கையால்தான் போடுவார்கள். மற்றவர்கள் அதற்குப் பிறகு எந்தக் கையை வேண்டுமானாலும் போடுவார்கள். இவர் கடைசி வெட்டுவரைக்கும் அப்படித்தான். சாமிக்குப் பூ வைப்பதுபோலத்தான் அவருக்குக் கொடி.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கம்பத்துலருந்து அந்த வாழக்காரக திரும்பக் கேட்டாக. குத்தகைக்குக் குடுத்துருவோம். கொடியப் புடுங்கிட்டு வாழ போட்டுக்கிறட்டும்."

"என்னங்க பேசுறீக?" என்றேன். அவர் கட்டுப் போட்ட கையோடு, சின்னப் பிள்ளைபோலக் கரண்டியால் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். எனக்குத் தோட்டம் போவதைவிட அந்தக் கரண்டிதான் பயமாக இருந்தது. இந்த ஆள் இப்படியே நாற்காலியில் உட்கார்ந்து கிழவராகிவிடுவாரோ என்று பயந்தேன். பௌர்ணமி கழிந்து முடிவு சொல்வதாக வாழைக்காரரிடம் பேசி வைத்திருந்தார்.

அந்த வாரம்தான் கோயம்புத்தூரில் படிக்கிற எங்கள் மகள் விடுமுறைக்கு வந்தாள். வந்தவள் அப்பா முகத்தைப் பார்த்தாள், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே டிவியில் ஒரு வெளிநாட்டுப் படத்தைத் தமிழில் போட்டுவிட்டாள். "காமெடிப் படம்ப்பா" என்றாள். ஆரம்பித்த சூட்டோடு ஒருத்தன் தலை தனியாக உருண்டது. நான் எழுந்து மெஷினுக்குப் போய்விட்டேன். ஆனால் முன்னறையிலிருந்து பார்த்தால் டிவி தெரியும், அது மகளுக்கும் தெரியும்.

கதை இதுதான். மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஒரு கொலைகாரன். ஆள் மலை மாதிரி இருப்பான், பொம்மைக் கரடித் தலை ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து வெட்டுவான். அதே ஊரில் நூலகத்தில் வேலை பார்க்கிற ஒரு குட்டைப் பெண். ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுவாள். ஊர்ப் பொருட்காட்சியில் ராட்டினத்தில் இரண்டு பேரும் ஒரே பெட்டிக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். உச்சியில் இடி விழுகிறது. இறங்கும்போது அவள் அவன் உடம்பில் இருக்கிறாள், அவன் அவள் உடம்பில் இருக்கிறான். பொருட்காட்சி மூடுவதற்குள் இரண்டு பேரும் மறுபடி அதே பெட்டியில் ஏறினால்தான் அவரவர் உடம்பு திரும்பக் கிடைக்கும். இதை யார் கண்டுபிடித்துச் சொன்னார்கள் என்று படத்தில் கடைசிவரை சொல்லவேயில்லை. இது முதல் குறை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நிறை என்று சொன்னால் அந்தப் பெரிய உடம்பில் நடித்த ஆள்தான். கொலைகாரனாக வந்தபோது நடந்த நடை வேறு, பெண்ணாக ஆன பிறகு நடந்த நடை வேறு. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறான். சட்டைக் கையை விரல்வரைக்கும் இழுத்து இழுத்து விட்டுக்கொள்கிறான். என்னிடம் முதன்முதலாக அளவு கொடுக்க வருகிற சின்னப் பிள்ளைகள் அப்படித்தான் நிற்பார்கள். போகிற இடமெல்லாம் நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்கிறான், ஏனென்றால் உள்ளே இருக்கிறவளுக்குத் தன் உயரம் இன்னும் தெரியவில்லை. கையில் கத்தியோடு, உடம்பெல்லாம் ரத்தத்தோடு தன்னைக் கண்ணாடியில் பார்க்கிறான். பார்த்த மாத்திரத்தில் அந்த மாபெரும் உருவம் கண் செருகிப் பொத்தென்று விழுகிறது.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "ஐயோ வலிக்கிதே, ஐயோ வலிக்கிதே" என்று தோளைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். அடிபட்டதிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. டிவியில் இன்னொருத்தன் கழுத்து அறுபட்டுக்கொண்டிருந்தது, நான் மெஷினில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தேன். மகள் என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டாள்.

அவள் ஊருக்குப் போன பிறகும் படம் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. நான் குறை சொல்வேன், அவர் தாங்கிப் பிடிப்பார். இந்தப் பெண் அந்த உடம்பில் வீட்டுக்கு ஓடிவந்து தன் அப்பாவின் ஸ்வெட்டரை எடுத்து மாட்டுகிறாள், அது அளவெடுத்துத் தைத்ததுபோல உட்காருகிறது. அந்த அப்பாவோ என் அளவுதான் இருக்கிறார். எந்த வீட்டில் அப்படி ஒரு ஸ்வெட்டர் தொங்கும்? கொலைகாரன் அவளுடைய இறுக்கமான பாவாடையில் அவ்வளவு பெரிய எட்டு எடுத்து வைக்கிறான், ஒரு தையல்கூட விடவில்லை. சாகிறவர்களுக்கு அழ ஒரு ஆள் இல்லை. செத்தவன் வீட்டுக்கு யாரும் போகவுமில்லை, ஒரு வாய் காபித்தண்ணி கொடுக்கவுமில்லை, அடுத்த காட்சியில் எல்லாரும் கேக் தின்கிறார்கள். தமிழ்ப்படுத்தியவர்கள் அத்தனை பேருக்கும் மெட்ராஸ் பேச்சைக் கொடுத்திருந்தார்கள். செத்தவன் மறுபடி எழுந்திருக்கிறான், சாகிறான், மறுபடியும் எழுந்திருக்கிறான். எனக்கே அலுத்துப்போய், அதற்குள் கையிலிருந்த ஜாக்கெட்டுக்கு நாலு ஹூக் வைத்து முடித்துவிட்டேன்.

"அது காமெடிப் படம். காமெடில எழவு வீட்டக் காமிப்பாகளா?" என்பார் அவர்.

என் பெரிய குறையை மெதுவாகத்தான் எடுத்தேன். "முதப் பாதில அந்தக் கொலகாரன் அவ உடம்புல கெடந்து எட்டாம முழிக்கிறான். கத்தியத் தூக்கிக்கிட்டுக் குதிக்கிறான். அது நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டாம் பாதில அதே குட்டப்புள்ள அம்புட்டுப் பெரிய ஆம்பளையத் தூக்கி எறியிதே, அது எப்பிடிங்க? உடம்பு அவ உடம்புதான?"

"உள்ள இருக்கவன் யாரு? வேல தெரிஞ்சவன். வேல தெரிஞ்சவனுக்கு எந்த உடம்பா இருந்தா என்ன?"

"எட்ட வேணாமா?"

"வேல தெரிஞ்சா எட்டும்."

"அப்பச் சரி. நீங்க சொல்லுங்க, நான் வெட்டுறேன். வேல ஒங்களோடது, உடம்பு என்னோடது. வாழக்காரகள ஒரு கவாத்து பொறுத்துக்கச் சொல்லுங்க."

அவர் சொன்ன பேச்சிலேயே அவரை மாட்டிவிட்டேன். "கத்திரி புடிக்கிறது துணி வெட்டுற மாதிரின்னு நெனச்சியா?" என்று மட்டும் முனகினார். அது சம்மதம் என்று எனக்குத் தெரியும்.

நல்ல நாள் பார்த்து ஆரம்பித்தோம். நானே சூடம் கொளுத்தி, கிழக்கே பார்த்துப் பெட்டியின்மேல் ஏறி நின்று, வலது கையால் முதல் வெட்டைப் போட்டேன். அவர் பாதையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையோடு தாடையால் காட்டிக்காட்டிச் சொன்னார். கொடியில் தளிர் வெடிக்கிற முண்டுக்குக் கண் என்று பெயர். பலமான கொடியில் நாலு கண் விட்டு வெட்ட வேண்டும், நோஞ்சான் கொடியில் இரண்டு கண். கேட்பதற்குச் சுலபம். ஆனால் எது பலமான கொடி என்பது அவர் கண்ணுக்குத்தான் தெரியும். பென்சில் கனம் பார், நிறம் பார், தட்டிப் பார் என்று கத்திக்கொண்டே இருந்தார். கழுத்து வலித்தது, தோள் வலித்தது. என் ஜாக்கெட் கக்கத்தில் கிழிந்தது. ஊருக்கெல்லாம் தாராளமாக விட்டுத் தைக்கிறவள் எனக்கு விட்டுக்கொள்ளவில்லை. அதைப் பார்த்துப் பக்கத்து வரிசையில் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பு சுருளி அருவி வரைக்கும் கேட்டிருக்கும்.

மத்தியானத்துக்குமேல் அவருக்குத் தோள் குத்த ஆரம்பித்தது. மாத்திரை போட்டுக்கொண்டு மோட்டார் ரூமில் போய்ப் படுத்துவிட்டார். எனக்குக் கை பழகிவிட்டிருந்தது. பெட்டியை நகர்த்து, ஏறு, வெட்டு, இறங்கு. பக்கத்துப் பெண்களோடு பேசிக்கொண்டே வரிசை வரிசையாகப் போய்விட்டேன். பரவாயில்லையே நாம் என்று எனக்கே ஒரு மிதப்பு.

வெயில் தாழ்ந்து அவர் எழுந்து வந்தார். நான் வெட்டிய வரிசைக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தார். அடுத்த கொடியைப் பார்த்தார். அதற்கடுத்ததைப் பார்த்தார்.

"ஏபுள்ள, இங்கன வா. எத்தன கண்ணு விடச் சொன்னேன்?"

"நாலு."

"இங்கன எத்தன இருக்கு?"

எண்ணினேன். ஐந்து இருந்தது. நோஞ்சான் கொடியில் மூன்று இருந்தது. எல்லாக் கொடியிலும் ஒன்று கூட இருந்தது. வாய் நாலு என்றுதான் எண்ணியிருக்கிறது, கை அதுபாட்டுக்கு ஒன்று சேர்த்து விட்டிருக்கிறது. இத்தனை வருஷமாக நான் துணியைக் கோட்டில் வெட்டியதே இல்லை. கோட்டுக்கு வெளியே ஒரு விரல் தள்ளித்தான் வெட்டுவேன். நாளைக்கு அவள் சதை போட்டால் பிரித்துவிட உள்ளே துணி வேண்டுமே. அந்தக் கை தோட்டத்துக்கு வந்தும் புத்தியை மாற்றிக்கொள்ளவில்லை.

சொன்னேன். அவ்வளவுதான், மனிதருக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ!

"இதென்ன ஜாக்கெட்டா? அடுத்த வருசம் பிரிச்சு விடுறதுக்கு? ஒரு கண்ணு கூட இருந்தா அதுக்கும் சேத்துல்ல சத்து போகும்! எலையா அடைச்சிக்கிட்டு நிக்கும், குலை சுண்டக்காயா தொங்கும்! கொண்டா அத!"

என் கையிலிருந்த கத்திரியைப் பிடுங்கினார். வெட்டினார். திட்டினார், வெட்டினார். கொடிக்குக் கொடி போனார். என்னையும், என் மெஷினையும், தனக்குப் பெண் கொடுத்த என் அப்பா வீட்டையும் சேர்த்துத் திட்டினார். பக்கத்து வரிசைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வாயைத் திறக்கப் போனாள், நான் கண்ணைக் காட்டி அடக்கினேன்.

ஒரு வரிசை முடிந்தது. மூச்சு வாங்க நின்றவர் கத்திரியைப் பார்த்தார். அது இடது கையில் இருந்தது. வலது கை கழுத்துக் கட்டிலேயே கிடந்தது. தான் வெட்டி வந்த கொடிகளைத் திரும்பிப் பார்த்தார். வெட்டு சுத்தமாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்துக் கொடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"என்ன, ராட்டினத்துல ஏறிட்டீக போல" என்றேன்.

"நாளைக்கு வெள்ளன வரணும். இந்தப் பக்கம் பூராவும் கெடுத்து வச்சிருக்க" என்றார்.

மறுநாளிலிருந்து நானும் மற்ற பெண்களும் முன்னே வெட்ட, அவர் இடது கையில் கத்திரியோடு பின்னே வந்தார். பௌர்ணமி கழிந்து வாழைக்காரர் வண்டியில் வந்து இறங்கினார். இவர் பந்தலுக்குள்ளிருந்து வெளியேகூட வரவில்லை. "இல்லங்க, வீட்ல அவுக ஒத்துக்கிற மாட்டேங்கிறாக" என்று என் தலையில் பழியைப் போட்டு அனுப்பிவிட்டார். எனக்கு என்ன வந்தது, ஊரே என்னைப் பிடிவாதக்காரி என்று பேசிக்கொண்டாலும் தோட்டம் நின்றது. தளிர் வெடித்தது, பூங்கொத்து இறங்கியது. அவர் திருத்தாமல் விட்ட ஒரு மூலையில் மட்டும் என்னுடைய கூடுதல் கண்கள் அப்படியே இருந்தன. அங்கே இலைதான் அடைத்துக்கொண்டு நின்றது. வருகிறவர்களுக்கெல்லாம் அந்த மூலையைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார்.

பழம் வெட்டி முடித்த பிறகு, அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்த்தோம். இந்தத் தடவை நானும் பாயில் உட்கார்ந்தே பார்த்தேன். முன்பு கவனிக்காத ஒரு நிறை தெரிந்தது. அந்தப் பெண் தனக்கு வந்து சேர்ந்த பெரிய கைகளைப் பார்த்து முதலில் அருவருக்கிறாள், கழுவிக்கொண்டே இருக்கிறாள். பிறகு அதே கைகளால்தான் தோழியை இடிபாட்டிலிருந்து தூக்கி எடுக்கிறாள். அந்த இடத்தில் என் வீட்டுக்காரர் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

குறையும் ஒன்று புதிதாகத் தெரிந்தது, எல்லாவற்றிலும் பெரிய குறை. உடம்பு திரும்பக் கிடைத்ததும் அவள் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறாள். பழையபடி நூலகம், பழையபடி அதே ஏணி, மேல்தட்டுப் புத்தகத்துக்கு எக்கி எக்கி நிற்கிறாள். ஒரு நாள் முழுக்க அத்தனை உயரத்திலிருந்து உலகத்தைப் பார்த்தவள் அந்தத் தட்டைக் கீழே இறக்கி மாட்ட வேண்டாமா? அடுத்தவர் உடம்புக்குள் போய்விட்டு வந்தவளுக்கு ஒன்றுமே ஒட்டவில்லையென்றால் எதற்கு அந்த ராட்டினம்? இதைச் சொன்னேன். அவர் எப்போதும்போல் தாங்கிப் பிடிக்கவில்லை. "அது கொறதான்" என்றார். அப்படி ஒத்துக்கொண்டது அன்றைக்கு மட்டும்தான்.

சில நாள் கழித்துத் தோட்டத்துக்குக் கூப்பிட்டார். "வரும்போது ஒன் டேப்பக் கொண்டா" என்றார். மேற்கு மூலையில் பழைய கொடிகள் பட்டுப்போன துண்டு ஒன்று சும்மா கிடந்தது. அங்கே புதுக் கல்தூண்கள் நட்டிருந்தார்கள், கம்பி இன்னும் இழுக்கவில்லை. பதியன்கள் நிழலில் காத்திருந்தன.

"அந்தத் தூணோட ஒட்டி நில்லு. செருப்பக் கழட்டிட்டு நில்லு. கையத் தூக்கு."

"எதுக்கு?"

"தூக்குன்னா தூக்கேன்."

தூக்கினேன். ஊரில் எத்தனையோ பேருக்கு அளவெடுத்தவள், எனக்கு அளவெடுக்க ஒருவர் வந்தது அன்றைக்குத்தான். டேப்பின் ஒரு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு, மறுநுனியை இடது கையால் தூணோடு இழுத்து, டேப் எட்டாத மிச்சத்தைச் சாணால் அளந்தார். வலது கை இப்போது தோள்வரைக்கும் வருகிறது, அதில் சுண்ணாம்புக்கட்டி வைத்திருந்தார். அதையும் இடது கைக்கு மாற்றி, என் விரல் நுனி தொட்ட இடத்தில் கோடு போட்டார். எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"இம்புட்டுத் தாழ்வாப் போட்டா நீங்க எப்பிடி உள்ள நடப்பீக? தல இடிக்கும்."

"குனிஞ்சு நடந்துக்கிறேன். வீட்ல நடக்கலையா?"

சொல்லிவிட்டு அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கட்டைவிரலால் அதை அழித்தார். இரண்டு விரல் கீழே தள்ளி வேறு கோடு போட்டார்.

"எட்டுதே, எதுக்கு இன்னும் எறக்குறீக?"

"உள்ள கொஞ்சம் விடணும்ல" என்றார். "வயசாக வயசாகக் கை எறங்கும். அப்பவும் நீதான வெட்டணும், நான்தான பின்னால வரணும்."

நான் தூக்கிய கையை இறக்க மறந்து அப்படியே நின்றேன். அவர் அடுத்த தூணுக்குப் போய் அதே அளவில் கோடு போட ஆரம்பித்தார்.